மருமகனோடு பார்த்த அமெரிக்கக் காடு

பாரிஸ் விமான நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்த மருமகன் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பக்கத்தில் நின்ற என் மகளிடம், "மாமியைக் கேளும், பயணம் சுகமோ எண்டு" என்றார். நான் அவருக்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் நின்றேன். "சுகம் எண்டு சொல்லு பிள்ளை" என்றேன். மகள் சுகந்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் காது கேக்குந்தானே? பிறகேன் நான் நடுவிலை?"

எங்களுக்குள் கோபம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. அது மரியாதை. அவர் வீட்டுக்குள் வந்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவோம். கேட்கவும் சொல்லவும் நடுவில் மகள் இருப்பாள். இப்போதுள்ள பிள்ளைகள் மாமியாரோடு சேர்ந்து செல்பி எடுக்கிறார்கள், அது வேறு கதை. எனக்குப் பிறவியிலேயே கூச்சம் என்பதால் அந்தப் பழைய வழக்கம் வலு வசதியாக இருந்தது. கல்யாணம் முடிந்து இத்தனை வருடத்தில் நானும் மருமகன் சிவாவும் நேரே பேசியதே இல்லை. டெலிபோனிலும் இப்படித்தான்.

நான் பாரிஸுக்குப் போனது ஊர் சுற்ற அல்ல, வீட்டு விஷயமாக. சாவகச்சேரிக்குப் பக்கத்தில் நான் இருக்கும் வீட்டு வளவு மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. என் காலம்வரை நான் அதில் இருக்கலாம். பழைய வீடு மழைக்கு ஒழுகுகிறது. அதை இடித்துப் புது வீடு கட்ட மருமகன் முடிவு செய்தார். கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அவர் நினைத்திருக்கும் வீடு வருவதென்றால் கிணற்றடியில் நிற்கும் இரண்டு பலா மரமும் போகவேண்டும். "மாமி வந்து வீட்டுப் படத்தைப் பாத்து ஓம் எண்டால்தான் மேசனுக்குச் சொல்லுவன்" என்று பிடிவாதமாக நின்று என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. கெட்ட மனிதருக்கு முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லிவிடலாம். நல்ல மனிதருக்கு எப்படிச் சொல்வது?

மகளின் வீடு சார்செல் என்ற இடத்தில், ஒரு மாடிக் கட்டடத்தில். பேத்தி லியோனில் படிக்கிறாள், அவளுடைய அறையை எனக்குத் தந்தார்கள். வந்து சேர்ந்தபோது அந்தக் கட்டடங்களின் கூட்டத்தைப் பார்த்து எனக்கு மூச்சு முட்டியது. விடிய எழும்பி யன்னலைத் திறந்ததும் மனம் மாறிவிட்டது. கட்டடங்களுக்கு நடுவே பெரிய பெரிய மரங்கள் நின்றன. எதிர்மாடியில் போர்வை உதறிக்கொண்டிருந்த ஆபிரிக்கப் பெண் என்னைக் கண்டு கை காட்டினாள். லிப்டில் ஏறினால் முன்பின் தெரியாதவர்கள் "போன்சூர்" என்கிறார்கள். நானும் "போன்சூர்" என்பேன். அதோடு சரி, அதற்குமேல் ஒருவரும் கதை வளர்ப்பதில்லை. கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது என்று நினைத்தேன்.

காலையில் மருமகன் கடைக்குப் போய் நீட்டுப் பாண் ரொட்டி வாங்கி வருவார். வரும் வழியிலேயே நுனியை முறித்துத் தின்றுவிடுவார். எங்கள் ஊரில் பாண் வாங்கப் போன பிள்ளை இப்படிச் செய்தால் அடி விழும். இங்கே கோட்டுப் போட்ட கிழவர்களும் தெருவில் பாண் நுனியைக் கடித்துக்கொண்டுதான் போகிறார்கள். மறுநாள் மேசையில் இரண்டு பாண் இருந்தன. ஒன்று நுனி முறியாமல் முழுசாக இருந்தது. "அது மாமிக்கு எண்டு சொல்லும்" என்றார் மகளிடம். அந்தப் பாணின் மேற்பட்டை மொறுமொறு என்று உடையும், உள்ளே பஞ்சு. கட்டைச் சம்பலோடு தின்ன, இப்படி ஒரு பாண் உலகத்தில் இருப்பது தெரியாமல் இத்தனை காலம் இருந்தேனே என்று இருந்தது.

வீட்டுப் படம் சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டரில் செய்த கலர்ப் படம். இரண்டு மாடி, வெள்ளைச் சுவர், முன்னுக்குத் தூண்கள், கார் நிற்க ஒரு போர்ட்டிகோ. கீழே ஊரே உட்காரக்கூடிய ஒரு பெரிய ஹோல். பலா நிற்கிற இடத்தில்தான் அந்த ஹோல். மரம் என்று இருந்தவை சாடிக்குள் நின்ற இரண்டு குட்டி ஈச்சைகள். முற்றத்துப் புல்லில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குடை பிடித்துக்கொண்டு நடந்து போனாள்.

"இது ஆர் பிள்ளை?"

"அது சும்மா அம்மா. கம்ப்யூட்டர் போடுறது."

அப்படியென்றால் இந்தப் படத்தில் நான் எங்கே என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

மருமகன் மேசையின் மறுபக்கத்தில் இருந்து, "மாமிக்குப் பிடிச்சிருக்கோ எண்டு கேளும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "மருமகன் விருப்பம்போலச் செய்யச் சொல்லு" என்றேன். எங்கள் பக்கத்தில் எந்த மாமியும் அப்படித்தான் சொல்லுவாள். அதற்குச் சம்மதம் என்றும் பொருள் உண்டு, வேறு வழியில்லை என்றும் பொருள் உண்டு. மருமகன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இப்பவே மேசனுக்குச் சொல்லுறன். திங்கள் விடிய மரம் தறிக்க ஆக்கள் வந்திடும்."

மறுநாள் குசினியில் வெங்காயம் உரிக்கும்போது மகளிடம் மெல்ல, "பலாவை விடச்சொல்லி அவரிட்டை ஒருக்காச் சொல்லன்" என்றேன். அவள் கத்தியை வைத்துவிட்டாள்.

"நீங்களே ஓம் எண்டுபோட்டு இப்ப என்னைச் சொல்லச் சொல்லுறியள். நான் சொன்னால், அம்மாவின்ரை பேரைச் சொல்லி நீர் குழப்புறீர் எண்டு எனக்குத்தான் பேச்சு விழும். இனி நான் தபால்காரி இல்லை. உங்களுக்கு வாய் இருக்கு, அவருக்குக் காது இருக்கு."

சொன்னபடியே இருந்தாள். அன்றிலிருந்து நடுவில் நின்று ஒன்றையும் காவவில்லை. வீட்டில் நானும் மருமகனும் ஊமைகள்போல நடமாடினோம்.

சனிக்கிழமை மகள் என்னை லாச்சப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பாரிஸுக்குப் போன தமிழர் யாரும் அதைப் பார்க்காமல் வருவதில்லை. ரயில் நிலையத்திலிருந்து ஒரு வளைவு திரும்பியதும் முருங்கைக்காய் வாசம் வந்தது. நகைக்கடை, புடவைக்கடை, கோவில் கலண்டர், பச்சை மிளகாய்ப் பெட்டி, எல்லாப் பலகையிலும் தமிழ். ஒரு வெள்ளைக்கார இளைஞன் கடை வாசலில் நின்று மட்டன் றோல்ஸ் தின்றான். உறைப்பில் மூக்குச் சிவந்து கண்ணீர் வழிந்தது. ஆனாலும் இன்னொன்றுக்குக் காசை நீட்டினான். "நல்ல வளர்ப்பு" என்று கடைக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கொத்துரொட்டிச் சத்தம் கேட்கும் ஒரு கடைக்குள் இருந்து பிளேன்ரீ குடித்தோம். பிறகு, வீட்டுப் படம் செய்து கொடுத்த அச்சுக்கடைக்கு மகள் ஏதோ அலுவலாகப் போனாள். குணம் என்பவர் நடத்துகிறார். கல்யாண அட்டை, மரண அறிவித்தல், ஊரில் கட்டும் வீட்டின் படம், மூன்றும் ஒரே மேசையில் செய்கிறார். அவருடைய கடைச் சுவர் முழுக்க வீடுகள். புங்குடுதீவில் ஒன்று, நெல்லியடியில் ஒன்று, மன்னாரில் ஒன்று. எல்லா முற்றத்திலும் அந்தக் குடைக்காரப் பெண் நடந்து போனாள்.

"அம்மா, எப்பிடி உங்கடை வீடு? அரண்மனை எல்லோ!" என்றார் குணம்.

மகள் அந்தப் பக்கம் திரும்பி நின்ற நேரம் பார்த்து, எனக்கு எங்கிருந்தோ துணிவு வந்தது. "தம்பி, அந்தப் படத்திலை ரெண்டு பலாமரம் போடேலாதோ?"

"கம்ப்யூட்டரிலை பலா இல்லை அம்மா. தென்னை இருக்கு, ஈச்சை இருக்கு, சுவிஸ்காரன்ரை பைன் இருக்கு. எது வேணும்? பலா போட்டால் பிறகு காரை எங்கை விடுறது?"

"எங்களிட்டைக் கார் இல்லையே தம்பி."

"போர்ட்டிகோவைக் கட்டினால் கார் தானாய் வரும் அம்மா!"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

மகளுக்கு ஒரு மியூசியத்தில் வேலை. வருகிறவர்களின் கோட்டையும் பையையும் வாங்கி எண் கொடுத்து வைக்கும் இடத்தில் நிற்கிறாள். அங்கே அமெரிக்கக்காரர்கள் அந்தக் காலத்தில் கீறிய நிலக்காட்சிப் படங்களைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வேலைக்காரரின் குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு டிக்கெட். "நான் காலமை வேலைக்குப் போயிடுவன். நீங்கள் அவரோடை வாங்கோ" என்றாள். வேண்டுமென்றே செய்தாளோ என்னவோ, கேட்டால் இன்றைக்கும் சிரிக்கிறாள்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை நானும் மருமகனும் தனியாக வெளிக்கிட்டோம். அவர் முன்னே, நான் பின்னே. ரயிலில் அவர் ஒரு இருக்கை, நான் இரண்டு இருக்கை தள்ளி. இறங்க வேண்டுமென்றால் அவர் இருமுவார். நான் எழும்புவேன். அப்படி ஒரு ஒழுங்கு, பேசி வைக்காமலே வந்துவிட்டது.

சென்-தெனியில் ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் வேலையாம், எல்லாரும் இறங்கி பஸ் பிடிக்கவேண்டுமாம். மருமகன் இருமினார். இறங்கினேன். பிளாட்பாரத்தில் தேர்த்திருவிழாச் சனம். எனக்கு மருமகனின் முகத்தைப் பார்த்துப் பழக்கம் இல்லை, அவர் காலில் போட்ட சப்பாத்தைப் பார்த்துத்தான் பின்னால் போவேன். வெள்ளைச் சப்பாத்து, பக்கத்தில் நீலக் கோடு. அதையே பார்த்துக்கொண்டு படி இறங்கி, ஒரு நடைபாதை கடந்து, மற்றப் படியால் ஏறினேன். ஏறி நிமிர்ந்து பார்த்தால் சப்பாத்துக்கு மேலே நின்றது ஒரு சீனப் பையன்.

எனக்குத் தெரிந்த ஒரே சொல் "போன்சூர்". அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தூணோடு ஒட்டி நின்றேன். அப்போது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், தொண்டை கிழியும் அளவுக்குக் கேட்டது.

"மாமீ!"

அந்த வழி ரயிலில் வரும் தமிழ்ச்சனம் கொஞ்சமா? பிளாட்பாரத்தில் நின்ற என் வயதுப் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ஒரு பெண் என்னைப் பார்த்து, "உங்களைத்தானோ, என்னையோ?" என்றாள். "என்னைத்தான்" என்றேன். மருமகன் என்னை நேரே கூப்பிட்ட முதல் சொல் அது. ஓடி வந்து மூச்சு வாங்க நின்றார். வேர்த்து ஒழுகியது. நாங்கள் இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் அவர் முதல்முறையாக உட்கார்ந்தார். பையில் இருந்த றோல்ஸில் ஒன்றை எடுத்து, முன் இருக்கையைப் பார்த்தபடி என் பக்கம் நீட்டினார். நானும் யன்னலைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டேன்.

மியூசிய வாசலில் மகள் எங்கள் கோட்டுகளை வாங்கிக்கொண்டாள். "பத்திரமாய் வந்தியளோ?" என்றாள். இருவரும் "ஓம்" என்றோம், ஒரே நேரத்தில்.

உள்ளே போனதும் என் கால் நின்றுவிட்டது. ஒரு முழுச் சுவரையும் ஒரே படம் நிறைத்திருந்தது. மலை, மலைக்கு மேல் மலை, அதற்கு மேலே பொன் உருக்கி ஊற்றியதுபோல ஒரு பின்னேர வெளிச்சம். கீழே ஏரி. ஏரியில் மலை தலைகீழாகக் கிடந்தது. மரங்களின் ஒவ்வொரு இலையையும் கீறியிருந்தான் அந்தப் புண்ணியவான். கிட்டப் போய்ப் பார்த்தால் பாறையில் பாசி, பாசியில் ஈரம். இதைக் கீற எவ்வளவு பொறுமை வேண்டும்! ஆள் நடமாட்டமே இல்லாத காடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஏரிக்கரை ஓரத்தில் ஒரு நூல் புகை கண்ணில் பட்டது. புகையின் அடியில், என் சின்ன விரல் நகமளவில், ஒரு வீடு. மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய வீடு. அதற்குள் யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.

அவ்வளவு பெரிய படத்துக்கு உயிர் அந்தச் சின்னப் புகையில்தான் இருந்தது.

பக்கத்தில் ஊன்றுகோலோடு நின்ற ஒரு பிரெஞ்சுக் கிழவி என்னிடம் ஏதோ கேட்டாள். நான் "போன்சூர்" என்றேன். மருமகன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்த வீட்டிலை ஆர் தண்ணி அள்ளிக்கொண்டு வாறதாம் எண்டு கேக்குறா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகத்தில் எந்தக் கிழவியும் வீட்டைப் பார்த்ததும் முதலில் யோசிப்பது அதைத்தான் போலும். ஏரியைக் காட்டி, குடம் தூக்குவதுபோல இடுப்பில் கை வைத்துக் காட்டினேன். அவளும் தன் இடுப்பைப் பிடித்து முகத்தைச் சுளித்துக் காட்டிவிட்டுப் போனாள்.

அடுத்தடுத்து அறைகள். இலையுதிர் காலத்து மரங்கள் தீப்பிடித்ததுபோல நின்றன, அவற்றுக்கு நடுவே ஒரு வெள்ளைத் தேவாலயத்தின் கூர்க் கோபுரம். அருவி ஒன்று, அதன் பக்கத்தில் ஒரு மாவரைக்கும் ஆலை, சக்கரத்தில் தண்ணீர் தெறித்தது. பள்ளத்தாக்குக்குக் குறுக்கே பாலம் போட்டு ஒரு ரயில் புகைவிட்டுக்கொண்டு போனது. எல்லாவற்றிலும் ஒன்றைக் கவனித்தேன். மனிதர் கட்டியது எதுவும் மரத்தைவிட உயரமாக இல்லை. கட்டடம் காட்டுக்குள் விருந்தாளிபோல ஒதுங்கி இருந்தது.

ஒரு படத்தில் ஆற்றங்கரையில் சில கூம்புக் கூடாரங்கள், தெரிந்தும் தெரியாமலும். மருமகன் சுவரில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, தன்பாட்டில் சொல்வதுபோலச் சொன்னார்: "இஞ்சை முதலே சனம் இருந்ததாம். பிறகு வந்தவை அவையளைத் துரத்திப்போட்டினமாம். படம் கீறேக்கை, ஆக்கள் இல்லாத காடு மாதிரியே கனபேர் கீறிப்போட்டினமாம்." நாங்கள் இருவரும் அந்தப் படத்தின் முன்னால் கனநேரம் நின்றோம். வீட்டை விட்டுப் போகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அதற்கு அடுத்த அறையில் இருந்தது அந்தப் படம். காட்டை வெட்டி வெளியாக்கிய நிலம். நடுவே புது வீடு. கதவடியில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறாள். முன்னால் முழுவதும் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள். வெட்டுவாய்கள் இன்னும் மஞ்சளாக, இப்போதுதான் கோடரி பட்டதுபோல.

மருமகன் படத்திடம் சொன்னார்: "மரத்தைத் தறிச்சால்தானே வீடு."

நானும் படத்திடம் சொன்னேன்: "எல்லாத்தையுமோ தறிச்சவை? கூரைக்குப் பக்கத்திலை ரெண்டை விட்டிருக்கினம், பாருங்கோ."

"பாருங்கோ" என்று வாயிலிருந்து வந்தபிறகுதான், யாரைப் பார்க்கச் சொன்னேன் என்று எனக்கு விளங்கியது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். இரண்டு பெரிய மரம், வீட்டின் தோளில் கை போட்டதுபோல, நிழலைக் கூரையில் போட்டுக்கொண்டு நின்றன.

அறையின் நடுவில் ஒரு வாங்கு இருந்தது. அவர் ஒரு முனையில் உட்கார்ந்தார். நான் மற்ற முனையில் உட்கார்ந்தேன்.

"மாமி," என்றார். "உங்களுக்கு அந்தப் பலா ரெண்டையும் தறிக்க விருப்பமில்லையோ?"

படத்தைப் பார்த்துக்கொண்டே, "இல்லை தம்பி" என்றேன்.

"பிறகேன் ஓம் எண்டனீங்கள்?"

"நான் எங்கை ஓம் எண்டனான்? உங்கடை விருப்பம்போல எண்டெல்லோ சொன்னனான்."

அவர் தலையில் கை வைத்தார். "நீங்கள்தானே முந்திச் சுகந்தியிட்டைச் சொன்னது, வீடு சின்னன், நாலு பேர் வந்தால் இருத்த இடமில்லை எண்டு? அதாலைதானே அந்த ஹோலைப் பெருப்பிச்சனான். எனக்கேன் ஹோல்? நான் வருசத்திலை ஒருக்கா வாறதும் நிச்சயமில்லை."

"அது மழைக்குச் சொன்னது தம்பி! எல்லாப் பக்கமும் ஒழுக, வந்த ஆக்களை ஒரு மூலையிலை இருத்தின அண்டைக்குச் சொன்னது. அடுத்தநாள் வெயில் எறிச்சது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். சிரித்து முடிந்ததும், இனிச் சொல்லாமல் விட்டால் ஒருக்காலும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. சொன்னேன்.

"தம்பி, நான் ஒருதற்றை வீட்டுக்கும் போறதில்லை. எனக்குக் கூச்சம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மூலையிலை இருந்துபோட்டு வந்திடுவன். பலாதான் எனக்கு ஆக்களைக் கொண்டுவாறது. காய் விட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையள் வருங்கள், கறிக்குப் பிஞ்சு கேட்டு. பழுத்தால் அந்த ஒழுங்கை முழுக்க வாசம், ஆர் ஆரோ வருவினம். எண்ணெய் பூசி வெட்டி, சுளை எடுத்துக் குடுக்கேக்கை அவை இருந்து கதைப்பினம். நான் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை, கேட்டுக்கொண்டிருப்பன். பலாவைத் தறிச்சுப்போட்டு அவ்வளவு பெரிய ஹோலைக் கட்டினால், அதிலை வந்து இருக்கிறது ஆர்?"

அவ்வளவு நீளமாக நான் யாரோடும் பேசியதில்லை. மருமகன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வேறொரு படம். குன்றின்மேல் தூண்கள் வைத்த ஒரு வீடு, கீழே வளைந்து போகும் பெரிய ஆறு, மேல் விறாந்தையில் ஒரு மனிதன் சாய்ந்து நின்று ஆற்றைப் பார்க்கிறான்.

"ஆனால் மேல்வீடு எனக்கு வேணும் மாமி," என்றார் கொஞ்சம் பிடிவாதமாக. "அதை விடமாட்டன். லாச்சப்பலுக்கு வந்த புதுசிலை நிலத்துக்குக் கீழை ஒரு அறை. கனபேர் ஒண்டாய்ப் படுத்தனாங்கள். யன்னலாலை பாத்தால் ஆக்களின்ரை கால் மட்டும் போகும். அப்ப நினைச்சனான், ஒரு நாளைக்கு வீடு கட்டினால் மேலை ஏறி நிண்டு கடல் நீரேரியைப் பாக்கோணும் எண்டு. அந்தாள் பாக்கிற மாதிரி."

அந்தப் படத்தை நான் அதுவரை சரியாகப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். அந்த மனிதனின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஆனாலும் அவன் எவ்வளவு நிம்மதியாக நிற்கிறான் என்று முதுகிலேயே கீறியிருந்தார்கள். வீடு எதற்கு என்று இரண்டு படத்திலும் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தது. இரண்டும் சரியாகவே இருந்தன.

"மேல்வீடு கட்டுங்கோ தம்பி. ஆர் வேண்டாமெண்டது? நல்ல உயரமாய்க் கட்டுங்கோ."

"உங்களுக்குப் படி ஏற ஏலாதே."

"நீங்கள் ஏறி நிண்டு பாருங்கோ. என்ன தெரியுது எண்டு கீழை நிக்கிற எனக்குச் சொல்லுங்கோ. இப்பதான் கதைக்கிறமே."

அவர் போனை எடுத்தார். ஊரில் அப்போது பொழுதுபட்டிருக்கும், மேசன் வீட்டில் இருப்பார். வாயைப் பொத்திக்கொண்டு மெல்லக் கதைத்தார். மேசன் பெரிதாகக் கதைத்தது எனக்கும் கேட்டது.

"என்ன விளையாடுறியளோ? வாள்காரன் விடிய வாறான். பலா வேர் அத்திவாரத்தைப் பிளக்கும், சொல்லிப்போட்டன்."

"அப்ப வீட்டை றோட்டுப் பக்கம் தள்ளுங்கோ. ஹோல் வேண்டாம்."

"தள்ளினால் போர்ட்டிகோவுக்கு இடம் இல்லை."

மருமகன் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். "இந்த வீட்டுக்கும் போர்ட்டிகோ இல்லை" என்றார்.

"எந்த வீட்டுக்கு?"

"அதை விடுங்கோ. போர்ட்டிகோ வேண்டாம்."

"மாமி ஓம் எண்டவா எண்டு நீங்கள்தானே அண்டைக்குச் சொன்னது? பிறகு அந்த மனுசி வந்து என்னை ஏசினால்? அவா சொல்லட்டும், நான் நிப்பாட்டுறன்."

மருமகன் போனை என் பக்கம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்கோ மாமி."

வாங்கிக் காதில் வைத்தேன். "தறிக்காதேங்கோ" என்றேன். "ஆ? கேக்கேல்லை!" என்றார் மேசன். இன்னொருக்காச் சொன்னேன். "ஆர் கதைக்கிறது? விளங்கேல்லை!" வாங்கிலிருந்து எழும்பிவிட்டேன். எங்கிருந்து வந்ததோ, எனக்கே தெரியாத ஒரு குரல் வந்தது.

"நான்தான் கதைக்கிறன்! பலா ரெண்டையும் தறிக்காதேங்கோ! தொடவும் வேண்டாம்!"

அந்தக் குரல் உயரக் கூரையில் பட்டு அடுத்த அறைக்கும் போய்த் திரும்பி வந்தது. படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். போனில் மேசன், "சரி அம்மா, சரி, சரி" என்றார். மூலைக் கதிரையில் இருந்த காவலாளி எழும்பி வந்தான். உயரமான மனிதன், மரியாதையான முகம். உதட்டில் விரலை வைத்து, மெல்லக் குனிந்து, என்னிடம் ஏதோ சொன்னான்.

மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்: "சத்தம் கூடிப்போச்சாம் மாமி. கொஞ்சம் மெதுவாய்க் கதைக்கட்டாம்."

பள்ளிக்கூடத்தில் வாத்தியார், கல்யாண வீட்டில் ஐயர், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் என்று எல்லாரும் என்னைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று கேட்டே என் காலம் போயிற்று. மெதுவாகக் கதைக்கச் சொன்னது இந்த ஒரு மனிதன்தான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.